மாதத்துக்கு 4 வாரம் என்று யார் சொன்னது?

அன்புத் தோழி,

உன் கடிதம் வந்து இரண்டரை மாதம் ஆகிவிட்டது. காரணம் எதுவும் சொல்லப்போவதில்லை, திட்ட வேண்டியதை நேரில் பார்க்கும்போது திட்டிக்கொள். இங்கே எல்லோரும் நலம். உன் அம்மாவின் முழங்கால் இப்போது பரவாயில்லை என்று நம் ‘காலண்டர்’ சொன்னாள். அவள் மாறவே இல்லை, எந்தத் தேதியிலிருந்து பரவாயில்லை என்பதையும் சேர்த்துத்தான் சொன்னாள்.

விஷயத்துக்கு வருகிறேன். நீ அனுப்பிய கணக்குத் தாள் என் முன்னால் இருக்கிறது. “எங்கே போகிறதென்றே தெரியவில்லை, நாங்கள்தான் ஊதாரிகளாகிவிட்டோம் போல” என்று அடியில் எழுதியிருக்கிறாய். முதலில் அந்த வரியை அடித்துவிடு. உங்கள் இரண்டு பேரிடமும் ஊதாரித்தனம் இல்லை. தாளில் ஒரு வரி விடுபட்டிருக்கிறது, இன்னொரு வரியில் கணக்குத் தப்பு. கணக்கில் நூறு வாங்கியவளிடமிருந்து இதை எதிர்பார்க்கவில்லை, போ!

உன் மாத வருமானத்தை 100 என்று வைத்துக்கொண்டேன். வாடகை 25, கடன் தவணை 15, மளிகையும் காய்கறியும் 24, மின்சாரம், தண்ணீர், எரிவாயு 6, போக்குவரத்து 8, போனும் நெட்டும் 3, டியூஷன் 5, சேமிப்பு 10, இதர 4. கூட்டினால் சரியாக 100. பார்க்க அழகாகத்தான் இருக்கிறது.

மளிகையைப் பார். வாரத்துக்கு 6, ஆகவே மாதத்துக்கு 24 என்று போட்டிருக்கிறாய். வருஷத்துக்கு 52 வாரம். 12 மாதமும் நான்கு நான்கு வாரம் என்றால் 48தான் வருகிறது. மிச்சம் 4 வாரச் சாப்பாட்டுக்கு உன் தாளில் பணமே இல்லை. 6 பெருக்கல் 52 வகுத்தல் 12, அதாவது 26 என்று போட வேண்டும். நீ சனிக்கிழமைதோறும் சந்தைக்குப் போகிறவள். வருஷத்தில் 4 மாதத்தில், சில வருஷம் 5 மாதத்தில், ஐந்து சனிக்கிழமை வரும். “இந்த மாதம் ஏன் இப்படி இழுக்கிறது” என்று நீங்கள் இருவரும் முகத்தைத் தூக்கிவைத்துக்கொள்வது அந்த மாதங்களில்தான். 28 நாள் ரீசார்ஜும் இதே கதை. அது வருஷத்துக்கு 12 தடவை இல்லை, 13 தடவை.

இது சின்ன ஓட்டை. பெரிய ஓட்டை, மாதாமாதம் வராத செலவுகள். உன் கடிதத்திலேயே அங்கங்கே புலம்பியிருந்ததை எல்லாம் பொறுக்கி எடுத்து, அதே 100 கணக்கில், ஒரு வருஷத்துக்கு எழுதினேன்: பிள்ளைகளின் பள்ளிக் கட்டணம் இரண்டு தவணை, தலா 30. ஆயுள் காப்பீடு 24. வண்டிக் காப்பீடு 12. வண்டி சர்வீஸ், டயர், வீட்டில் ரிப்பேர் எல்லாம் சேர்த்து 24. துணிமணி, ஊருக்குப் போய்வருவது, உறவில் விசேஷம் 36. மொத்தம் 156. பன்னிரண்டால் வகுத்தால் மாதத்துக்கு 13. இந்த 13 உன் தாளில் எங்கேயும் இல்லை. ஒவ்வொன்றும் வரும்போது “எதிர்பாராத செலவு” என்று எழுதுகிறாய். பள்ளிக் கட்டணம் எப்படியடி எதிர்பாராத செலவாகும்? தேதியே தெரியுமே!

ஆக உன் தாளின் 100, மளிகையில் விட்ட 2, இந்த 13 எல்லாம் சேர்த்தால், சேமிப்பு உட்பட உன் உண்மையான மாதச் செலவு 115. அந்த 15 எங்கிருந்து வருகிறது? சேமிப்பில் போட்ட 10ஐத் திரும்ப எடுக்கிறாய். மீதி 5 கிரெடிட் கார்டில் ஏறுகிறது.

கார்டைப் பற்றி நீ ஒரே வரிதான் எழுதியிருந்தாய், அதுவும் ஓரத்தில், சின்ன எழுத்தில்: “மினிமம் கட்டிக்கொண்டுதான் இருக்கிறேன்.” அதைப் படித்த பிறகு எனக்கு மனசு சரியில்லை. விளையாட்டை விட்டுவிட்டுச் சொல்கிறேன், இதைக் கவனமாகப் படி. மாதம் 3 சதவீத வட்டி என்றால் வருஷத்துக்கு 36 இல்லை. வட்டிக்கு வட்டி சேர்ந்து 42க்கு மேல் போகிறது. கார்டில் 100 பாக்கி இருக்கிறது, மாதாமாதம் மினிமம், அதாவது வங்கி கேட்கும் குறைந்தபட்சத் தொகையான பாக்கியில் 5 சதவீதம் மட்டும் கட்டுகிறாய், புதிதாக ஒன்றுமே வாங்கவில்லை என்றே வைத்துக்கொள்வோம். முதல் மாதம் 3 வட்டி ஏறி 103 ஆகும், நீ 5.15 கட்டுவாய், பாக்கி 97.85. இப்படியே 12 மாதம் போனால், மொத்தம் 55 கட்டியிருப்பாய். பாக்கி இன்னும் 77 நிற்கும். கட்டியதில் 32 வட்டிக்கே போயிருக்கும். நீயோ அதில் புதிதாகவும் வாங்குகிறாய். பழைய பாக்கி முழுதாக அடையாமல் இருக்கும்போது, புதிதாக வாங்குவதற்குப் பெரும்பாலும் வட்டியில்லாக் கெடு கிடைக்காது. வாங்கிய நாளிலிருந்தே வட்டி ஓட ஆரம்பித்துவிடும்.

அதனால் வரிசை இதுதான். கார்டைப் பர்ஸிலிருந்து எடுத்து வை. போட்டுவைத்திருக்கும் சேமிப்பில், ஒரு மாத அத்தியாவசியச் செலவுக்கு ஆவதை மட்டும் நிறுத்திக்கொண்டு மிச்சத்தைக் கார்டில் கட்டு. “சேமிப்பைத் தொடவே கூடாது” என்று நீ பிடிவாதம் பிடிப்பாய், தெரியும். எந்த வைப்பும் உனக்கு மாதம் 3 சதவீதம் தராது. அங்கே கொஞ்சம் வாங்கிக்கொண்டு இங்கே கொட்டிக்கொடுப்பது சேமிப்பு ஆகாது.

அடுத்து, மாதம் போடும் 10ஐச் சேமிப்பு என்று சொல்லாதே. வருஷச் செலவுக் கணக்கு என்று பெயர் வைத்து, ஏடிஎம் கார்டு இல்லாத தனிக் கணக்கு ஒன்றில், சம்பளம் வந்த மறுநாளே தானாகப் போகும்படி வங்கியில் சொல்லிவிடு. மாதக் கடைசியில் மிஞ்சுவதைப் போடலாம் என்றால் ஒரு மாதமும் மிஞ்சாது. இன்னும் 5 துண்டு விழும். மளிகையில் 3, போன், நெட்டில் 1, வருஷப் பட்டியலில் அந்த 36ஐ 24 ஆக்கினால் 1. இதற்கு மேல் எங்கேயும் கை வைக்காதே. இதர 4ஐத் தொட்டால் வீட்டில் சண்டை வரும். உனக்கு ஒரு பங்கு, அவருக்கு ஒரு பங்கு, யாரும் யாரிடமும் கணக்குக் கேட்கக் கூடாது.

முதல் வருஷத்தில் ஒரு சிக்கல் இருக்கிறது. பலரும் இங்கேதான் விட்டுவிடுகிறார்கள். பள்ளிக் கட்டணம் 30க்கு 3 மாதம்தான் இருக்கிறது என்றால் அதை 12ஆல் வகுத்துப் பயனில்லை. 3ஆல் வகுக்க வேண்டும், மாதம் 10. ஒவ்வொரு பில்லையும் தேதி வரிசையில் எழுதி, மீதி இருக்கும் மாதங்களால் வகு. கூட்டுத்தொகை தாங்காது போலிருந்தால், முதல் சுற்றுக்கு மட்டும் ஆயுள் காப்பீட்டைக் காலாண்டுத் தவணைக்கு மாற்ற முடியுமா என்று கேள். கொஞ்சம் கூடுதலாகும், ஆனால் கார்டு வட்டியோடு பார்த்தால் அது ஒன்றுமே இல்லை. இரண்டாம் சுற்றில் வருஷத் தவணைக்குத் திரும்பிவிடு.

மளிகையில் 3 எப்படி வரும் என்று கேட்பாய். விலையைப் பார்க்காதே, எடையைப் பார். சோப்புத்தூள் பாக்கெட் அதே விலை, அதே படம். ஆனால் 1000 கிராம் இருந்த இடத்தில் 900 என்று போட்டிருக்கும். விலை 11 சதவீதம் ஏறிவிட்டது என்று அர்த்தம். 100 கிராமுக்கு எவ்வளவு என்று வகுத்துப் பார்த்தால்தான் தெரியும். பெரிய பாக்கெட் எப்போதும் மலிவு என்றும் நினைக்காதே. 15 சதவீதம் மலிவு என்று வாங்கி ஐந்தில் ஒரு பங்கு கெட்டுப்போனால், சின்னதைவிட 6 சதவீதம் கூடவே கொடுத்திருப்பாய். சோப்பு கெடாது, பெரிதாக வாங்கு. கெடுவதைச் சின்னதாக வாங்கு.

கணக்கு எழுதும்போது ஒன்று: கார்டில் வாங்கியதை வாங்கிய அன்றே எழுதுகிறாய், பிறகு கார்டு பில் கட்டியதையும் செலவில் எழுதுகிறாய். ஒரே செலவு இரண்டு தடவை விழுகிறது. இனிமேல் கார்டுக்குக் கட்டுவதில் வட்டியை மட்டும் செலவில் எழுது, அசல் பழைய கடன். வருஷக் கணக்கிலிருந்து எடுத்துக் கட்டும் பில்லையும் அந்த மாதச் செலவில் சேர்க்காதே, அந்த 13 ஏற்கனவே விழுந்தாயிற்று.

50-30-20 என்று யாரோ சொன்னார்களாமே, தேவைக்கு 50, ஆசைக்கு 30, சேமிப்புக்கு 20. உன் தேவைகளே 100ஐத் தொடுகின்றன. அதற்காகக் குற்ற உணர்ச்சி வேண்டாம். வருமானம் குறையக் குறைய அதில் சாப்பாட்டுச் செலவின் பங்கு கூடும் என்று எர்ன்ஸ்ட் எங்கல் என்ற ஜெர்மானியப் புள்ளியியலாளர் 1857லேயே குடும்பக் கணக்குகளை வைத்துக் காட்டிவிட்டார். எல்லா வீட்டுக்கும் ஒரே விகிதம் பொருந்தாது. போன மாத உன் கணக்கோடு இந்த மாத உன் கணக்கை ஒப்பிடு, போதும்.

கார்டு விஷயம் அவருக்குத் தெரியுமா? நீ எழுதிய விதத்தைப் பார்த்தால் தெரியாது போலிருக்கிறது. இந்த ஞாயிற்றுக்கிழமை சொல்லிவிடு. தாளையும் பக்கத்தில் வைத்துச் சொல். 115ஐக் கண்ணால் பார்த்தால் அவருக்கும் கோபம் வராது, அவரும் இத்தனை நாள் தன்னைத்தான் நொந்துகொண்டிருப்பார்.

பிள்ளைகளுக்கு என் அன்பு. கார்டு பில்லில் வட்டி விகிதம் போட்டிருக்கும், அதைப் படம் எடுத்து அனுப்பு. பள்ளிக் கட்டணத் தேதியையும் எழுது. இந்தத் தடவை அன்றைக்கே பதில் போடுகிறேன்.

உன்,
மூன்றாம் பெஞ்சு