ஆண்டறிக்கை 2024: மலர்த் தொகுப்புத் திட்டத்தின் பொதுக் கருவிகளும் நிரலகங்களும்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயலவை உறுப்பினர்களே, ஆயுள் உறுப்பினர்களே, தொண்டூழியர்களே, அனைவருக்கும் வணக்கம்.

2024ஆம் ஆண்டுக்கான செயலாளர் அறிக்கையைப் பொதுக்கூட்டத்தின் முன் வைக்கிறேன். உறுப்பினர் பதிவு, சந்தா, மாதக் கூட்டங்கள் பற்றிய விவரங்கள் பொருளாளரின் அறிக்கையோடு தனித்தாளில் இருப்பதால் அவற்றை இங்கே திரும்ப எழுதவில்லை. இவ்வாண்டு செயலவையின் நேரத்தையும் தொண்டூழியர்களின் மாலைப் பொழுதுகளையும் பெரும்பாலும் எடுத்துக்கொண்டது ஒரே பணிதான்: நம் பழைய ஆண்டு மலர்களையும் கூட்டக் குறிப்பேடுகளையும் தேடிப் படிப்பதற்கான திறமூல மென்பொருள், அதாவது எவரும் நிரலைப் பார்த்து மாற்றிக்கொள்ளக்கூடிய மென்பொருள். அதை எந்தக் கருவிகளைக் கொண்டு, எந்த நிரலகங்களின் மேல் கட்டுவது என்று முடிவெடுத்த விதத்தையே இவ்வறிக்கை சொல்கிறது. பேச்சில் நாம் லைப்ரரி என்று குறிப்பிடும், பிறர் எழுதி வைத்த ஆயத்த நிரல் தொகுப்பையே நிரலகம் என்று எழுதியிருக்கிறேன்.

கருவியைத் தேர்ந்தெடுக்க இவ்வளவு காலம் வேண்டுமா என்று சில உறுப்பினர்கள் கேட்டார்கள். நியாயமான கேள்வி. இம்மென்பொருளின் முதல் வடிவத்தைப் பலதுறைத் தொழிற்கல்லூரி மாணவர் ஒருவர் தம் விடுமுறையில் தனியாளாக எழுதிக் கொடுத்தார். நன்றாகவே இயங்கியது. பிறகு அவர் ஈராண்டு தேசிய சேவைக்குச் சென்றார். அலுவலகக் கணினியை மாற்றினோம். மாற்றிய கணினியில் அதை நிறுவ ஒருவராலும் முடியவில்லை. எந்த நிரலகத்தின் எந்தப் பதிப்பில் எழுதப்பட்டது என்ற குறிப்பு எங்குமே இல்லை. அவற்றுள் ஒன்று பராமரிப்பு நின்றுபோனது என்பதும் அப்போதுதான் தெரிந்தது. முகாமிலிருந்து வார இறுதி விடுப்பில் வந்த அந்தத் தம்பி, வீட்டுக்குக்கூடப் போகாமல் நேராகச் சங்கத்துக்கு வந்து உட்கார்ந்து சரிசெய்ய முயன்றதை என்னால் மறக்க முடியாது. குறை அவருடையதன்று. எழுதச் சொன்ன நாங்கள், எதைக் கொண்டு எழுதுகிறீர்கள் என்று ஒருமுறைகூடக் கேட்கவில்லை. கேட்கும் பொறுப்பு செயலவைக்கு இருந்தது.

ஆகவே இம்முறை நிரல் எழுதுவதற்கு முன்பாகவே கருவிகளைப் பொதுவில் முடிவு செய்வது என்று தீர்மானித்தோம். சமூக மன்ற அறையில் கூடியபோதெல்லாம் ஒரே விதியைக் கடைப்பிடித்தோம். ஒருவர் ஒரு கருவியை முன்மொழிந்தால், அதன் பெருமையைப் பேசுவதற்கு முன், நம் மலர்களிலிருந்து எடுத்து வைத்த பத்துப் பக்கங்களை அதில் ஓட்டிக் காட்ட வேண்டும். புகழ்பெற்ற கருவிகள் சில இந்தப் பத்துப் பக்கங்களில் தடுக்கி விழுந்தன. அதிகம் பேசப்படாத சில, அமைதியாகத் தேறின.

தமிழ் எழுத்தைக் கணினி எப்படி எண்ணுகிறது என்பதில்தான் முதல் சிக்கல் எழுந்தது. ‘சிங்கப்பூர்’ என்ற சொல்லில் நம் கண்ணுக்கு ஆறு எழுத்துகள் தெரிகின்றன. எழுத்துகளுக்கு எண் தரும் பொதுமுறையான ஒருங்குறியிலோ (யூனிகோடு) உயிர்மெய்யின் மெய்க்கு ஓர் இடம், அதன் உயிர்க்குறிக்கு ஓர் இடம், புள்ளிக்கு ஓர் இடம் என்று அச்சொல் 11 குறியிடங்களை எடுத்துக்கொள்கிறது. யூடிஎஃப்-8 முறையில் சேமித்தால் 33 பைட்டுகள் ஆகிறது. பைத்தான் 3 என்ற நிரல்மொழியில் அச்சொல்லின் நீளத்தைக் கேட்டால் 11 என்றே விடை வரும். தலைப்பை இத்தனை எழுத்துக்குள் வெட்டு என்று கட்டளையிட்டால் உயிர்க்குறி ஒரு பக்கமும் மெய் மறுபக்கமும் போய்விடும். அதனால் எழுத்தெழுத்தாகப் பிரிக்கும் வேலைக்கு ஓப்பன்-தமிழ் என்ற பைத்தான் நிரலகத்தைத் தேர்ந்தோம். தமிழர்களே கூடி எழுதிப் பொதுவில் வைத்திருக்கும் அதில், எழுத்தைப் பிரிக்கும் வழிகளும் பழைய குறிமுறைகளை ஒருங்குறிக்கு மாற்றும் வழிகளும் ஆயத்தமாக உள்ளன. அதையே நாம் மீண்டும் எழுதப் புறப்படுவது வீண்வேலை.

தேடலில் நேர்ந்ததைச் சற்று விரிவாகச் சொல்லியாக வேண்டும். தரவுத்தளமாக எஸ்கியூலைட்டைத் தேர்ந்ததில் யாருக்கும் கருத்து வேறுபாடு இருக்கவில்லை. முழுத் தொகுப்பும் ஒரே கோப்பில் அடங்கும். தனியே வழங்கி (சர்வர்) தேவையில்லை. அதன் நிரல் பொதுவுடைமையாக விடப்பட்டது. அதனுள் இருக்கும் எஃப்டிஎஸ்5 என்ற முழு உரைத் தேடல் பகுதியை அப்படியே இயக்கினோம். பணி ஓய்வு பெற்ற தமிழாசிரியரான மூத்த உறுப்பினர் அம்மா ஒருவர் ‘வீடு’ என்று தேடினார். வேடு, வாடி என்ற சொற்கள் உள்ள பக்கங்களும் சேர்ந்து வந்தன. ‘கால்’ என்று தேடினார், கோலும் வந்தது. கணினிக்குத் தமிழ் தெரியவில்லை என்று சிரித்துவிட்டுப் போயிருக்கலாம். அவர் போகவில்லை. எந்தச் சொல்லுக்கு எது தவறாக வந்தது என்று இரண்டு பக்கம் கைப்பட எழுதிக் கொடுத்தார்.

அந்தப் பட்டியல்தான் காரணத்தைக் காட்டியது. சொல்லைப் பிரிக்கும் பகுதி எழுத்து, எண் என்ற வகைகளை மட்டுமே சொல்லின் உறுப்பாகக் கொள்வது அதன் இயல்பு அமைப்பு. தமிழின் உயிர்க்குறிகளும் புள்ளியும் ஒருங்குறியில் ‘குறி’ என்ற வேறு வகையைச் சேர்ந்தவை. ஆகவே அவை இடைவெளிபோலக் கருதப்பட்டு விடுபட்டன. ‘சிங்கப்பூர்’ என்ற சொல் ‘ச’, ‘ங’, ‘கப’, ‘ப’, ‘ர’ என்று ஐந்து துண்டுகளாகிக் கிடந்தது. குறி வகைகளையும் சேர்த்துக்கொள் என்று அமைப்பில் ஒரே ஒரு வரி எழுதினால் போதும். எஸ்கியூலைட்டின் ஆவணத்திலேயே வழி இருக்கிறது, நாங்கள்தான் படிக்கத் தவறினோம். உரையில் வடிவங்களைத் தேடப் பயன்படும் பைத்தானின் வழக்கமான சுருங்குறித்தொடர் (ரெகெக்ஸ்) நிரலகமும் சொல்லை இதே விதமாகவே வெட்டும் என்பதால், உரையைச் சொற்களாகப் பிரிக்கும் எந்த இடத்திலும் அதை நேரடியாகப் பயன்படுத்தக் கூடாது என்பதை விதியாக எழுதி வைத்துள்ளோம்.

இதன் தொடர்ச்சியாக இன்னொன்று. ‘கொ’ என்ற எழுத்தை ஒரே உயிர்க்குறியாகவும் உள்ளிடலாம். ஒற்றைக் கொம்பு, கால் என இரண்டு குறிகளாகவும் உள்ளிடலாம். திரையில் இரண்டும் ஒன்றே. என்எஃப்சி எனப்படும் ஒருமைப்படுத்தல் இவ்விரண்டையும் ஒன்றாக்கிவிடும். ஆனால் ‘கௌ’ என்பதற்குப் பதிலாகக் ‘கெ’யும் ளகரமும் அடுத்தடுத்துத் தட்டப்பட்டிருந்தால் எந்த ஒருமைப்படுத்தலும் உதவாது, ஏனெனில் கணினிக்கு அது இரண்டு தனி எழுத்துகள். ‘ஸ்ரீ’யின் முதல் எழுத்தும் இருவேறு குறியிடங்களில் வரக்கூடும். இவற்றுக்கு நாமே ஒரு சிறு திருத்தப் பட்டியலை எழுதிச் சேர்த்திருக்கிறோம்.

அகரவரிசைக்கு, ஒவ்வொரு மொழியின் வரிசைமுறையையும் அறிந்த ஐசியு நிரலகத்தை எடுத்துக்கொண்டோம். ஒருங்குறி அட்டவணையில் னகரம் நகரத்தை அடுத்தே வருவதால், குறியிட வரிசைப்படி அடுக்கினால் ‘மனம்’ முன்னும் ‘மலர்’ பின்னும் நிற்கும். ஜகரத்தில் தொடங்கும் பெயர்கள் சகரத்துக்கும் ஞகரத்துக்கும் நடுவே நுழைந்துவிடும். நெடுங்கணக்கு படித்த எவரும் ஏற்காத வரிசை அது.

அச்சுப் பக்கங்களை உரையாக்குவதற்கு டெசராக்ட் எழுத்துணரி முடிவாயிற்று. இணையத்தில் பக்கத்தை ஏற்றினால் உரையாக்கித் தரும் கட்டணச் சேவைகளையும் ஆராய்ந்தோம். மங்கிய பக்கங்களில் அவற்றுள் சில மேலும் தெளிவான விடை தந்ததை நேர்மையாகப் பதிவு செய்கிறேன். இருந்தும் ஏற்கவில்லை. நம் குறிப்பேடுகளில் பழைய உறுப்பினர்களின் முகவரியும் அடையாள அட்டை எண்ணும் கையெழுத்தும் உள்ளன. 2012ஆம் ஆண்டின் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டத்தின்படி அவற்றைக் காக்கும் கடமை நம்முடையது. வெளியாரின் கணினிக்கு அவற்றை அனுப்பிவிட்டுப் பிறகு வருந்துவதில் பயனில்லை. டெசராக்ட் நம் கணினியிலேயே இயங்கும். ஹியூலெட் பேக்கர்டில் 1985இல் தொடங்கி, 2005இல் திறமூலமாக வெளியிடப்பட்டு, இன்றும் பராமரிக்கப்படும் கருவி அது. எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய வடிவங்களில், அதாவது தும்பிக்கை போட்ட லை, ணை, சுழித்து எழுதிய னா, றா போன்றவற்றில், பத்துப் பக்கச் சோதனையின்போது பிழை மிகுதியாக வந்தது. அந்த மலர்களை ஆள் கொண்டு சரிபார்க்கத்தான் வேண்டும்.

1990களின் மலர்கள் வேறு வகைத் தலைவலி. அவை கணினியில் தட்டச்சு செய்யப்பட்டவை, கோப்புகளும் கிடைத்துள்ளன. ஆனால் ஒவ்வொன்றும் தன் எழுத்துருவுக்கே உரிய குறிமுறையில் உள்ளது. கொம்பு கண்ணால் பார்க்கும் வரிசைப்படி மெய்க்கு முன்னே சேமிக்கப்பட்டிருக்கும். ஒருங்குறியில் அது மெய்க்குப் பின்னே வரவேண்டும். இக்குழப்பத்துக்குத் தீர்வு காணத்தான் 1997இல் சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில் முதல் தமிழ் இணைய மாநாடு கூடியது. நம் ஊரின் நா. கோவிந்தசாமி அவர்கள் இணையத்தில் தமிழை ஏற்ற உழைத்ததும் அக்காலத்தில்தான். ஒவ்வொருவரும் தமக்குப் பிடித்த குறிமுறையை வைத்துக்கொண்டதால் ஒரு தலைமுறையின் எழுத்து எப்படிப் பூட்டிக் கிடக்கிறது என்பதை அந்தக் கோப்புகளைத் திறக்கும்போதெல்லாம் உணர்கிறேன்.

பிடிஎஃப் உருவாக்க முதலில் எடுத்துப் பார்த்த நிரலகம் கொம்பையும் மெய்யையும் இடம் மாற்றி அச்சிட்டது. எழுத்துகளைக் கோத்துக் காட்டும் ஹார்ஃப்பஸ், பாங்கோ ஆகியவற்றின் மேல் அமைந்த வீசிபிரின்ட்டுக்கு மாறியதும் அக்குறை நீங்கியது. எழுத்துருவாக நோட்டோ இருக்கும். திறந்த எழுத்துரு உரிமத்தில் உள்ளதால் மென்பொருளோடு சேர்த்தே வழங்கலாம். நாம் மலர்களில் இதுவரை பயன்படுத்திவந்த எழுத்துருவுக்கு உரிமத்தாளே கிடைக்கவில்லை. அதைச் சேர்க்க இயலாது.

உரிமம் குறித்த விவாதம் இரண்டு கூட்டங்களுக்கு நீண்டது. எம்ஐடி உரிமம் எளியது, எவரும் எப்படியும் எடுத்துக்கொள்ளலாம் என்றனர் சிலர். நம் வேலையை எடுத்து மேம்படுத்துபவர் அந்த மேம்பாட்டையும் பொதுவில் வைக்கட்டும் என்று வேறு சிலர் ஜிபிஎல் உரிமத்தைக் கேட்டனர். பெரும்பான்மையினர் ஜிபிஎல் பக்கம் நின்றனர். என் கருத்தும் அதுவே. டெசராக்ட் அப்பாச்சி 2.0 உரிமத்தில் உள்ளது. அவ்வுரிமம் ஜிபிஎல் 2ஆம் பதிப்போடு ஒத்துப்போகாது, 3ஆம் பதிப்போடு ஒத்துப்போகும். ஆகவே 3ஆம் பதிப்பு.

பதிப்புகளைப் பொறுத்தவரை, புதியதைத் தேடிப் போகாமல் டெபியன் 12 என்ற லினக்ஸ் இயங்குதளத்தின் நிலையான வெளியீட்டில் உள்ளவற்றையே, பைத்தான் 3.11 உட்பட, அடிப்படையாகக் கொள்கிறோம். அதற்கு வெளியே தேவைப்படும் நிரலகங்களின் துல்லியமான பதிப்பு எண்ணை நம் நிரலைச் சேமிக்கும் களஞ்சியத்திலேயே எழுதி வைக்கிறோம். இது மிகைப்பட்ட எச்சரிக்கை என்று சொன்ன இளைஞர்கள் மார்ச் மாத இறுதியில் மனம் மாறினார்கள். எக்ஸ்இசட் என்ற சுருக்கக் கருவியின் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் யாரோ திட்டமிட்டுக் கள்ளவாசல் வைத்திருந்தது வெளியானது. உள்நுழைய அரை நொடி கூடுதலாக ஆகிறதே என்று ஐயுற்ற ஆண்ட்ரெஸ் ஃபிராய்ண்ட் என்ற நிரலாளர் அதைக் கண்டுபிடித்தார். டெபியனின் நிலையான வெளியீட்டை அப்பதிப்புகள் எட்டியிருக்கவில்லை.

மற்றவற்றில் பெரிய விவாதம் இல்லை. நிரல், மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கிட் களஞ்சியத்தில் இருக்கும். எந்த உரைத்தொகுப்பியில் (எடிட்டர்) எழுதுவது என்பது அவரவர் விருப்பம். மாறிகளுக்குத் தமிழ்ப் பெயர் வைக்கப் பைத்தான் 3 இடம் தந்தாலும், உயிர்க்குறிகளோடு தட்டச்சு செய்வது எல்லாருக்கும் எளிதாக இல்லாததால் பெயர்கள் ஆங்கிலத்தில் இருக்கும். விளக்கக் குறிப்புகளும் பயனர் கையேடும் தமிழில் இருக்கும். தமிழாசிரியர் அம்மா எழுதிக் கொடுத்த சொற்பட்டியல் முழுவதும் தானியங்கிச் சோதனையாகச் சேர்க்கப்பட்டுள்ளது. நிரலில் எவர் எதை மாற்றினாலும் ‘வீடு’ என்று தேடினால் வீடு மட்டுமே வருகிறதா என்று அது பார்த்துச் சொல்லும்.

பொதுக்கூட்டத்தின் ஒப்புதலுக்கு இரண்டு தீர்மானங்களை முன்வைக்கிறேன். இங்கே சொன்ன கருவிகளை ஈராண்டுக்கு மாற்றாமல் வைத்திருப்பது முதலாவது. ஒவ்வொரு பகுதிக்கும் குறைந்தது இருவர் பொறுப்பாளராக இருக்க வேண்டும், அவர்களுள் ஒருவராவது அடுத்த ஈராண்டில் தேசிய சேவைக்குச் செல்லாதவராக இருக்க வேண்டும் என்பது இரண்டாவது. எழுத்துணரி தந்த உரையைச் சரிபார்க்கப் பழைய எழுத்து வடிவங்களைப் படிக்கத் தெரிந்த மூத்த உறுப்பினர்கள் தேவைப்படுகிறார்கள். கணினி அறிவு வேண்டியதில்லை, அச்சிட்ட தாளிலேயே திருத்தித் தரலாம். பெயர் கொடுக்க விரும்புவோருக்கான தாள் வருகைப் பதிவேட்டுக்கு அருகில் வைக்கப்பட்டுள்ளது.

செயலாளர்