தலைக்கவசம் வாங்க வரும் பெற்றோருக்கு ஒரு மடல்

மதிப்பிற்குரிய வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

கராத்தே, டேக்வாண்டோ, சிலம்பம் பழகும் பிள்ளைகளுக்குத் தலைக்கவசம் வாங்க வரும் பெற்றோர் பலர், "இதைப் போட்டுவிட்டால் தலையில் அடிபட்டாலும் பயமில்லைதானே?" என்று கேட்கிறார்கள். அந்த உறுதியைச் சொல்லி எங்களால் விற்க இயலாது. அதற்கான காரணத்தை விளக்கவே இம்மடலை எழுதுகிறோம்.

நெற்றி கிழிவது, காது வீங்குவது போன்ற காயங்களைக் கவசம் குறைக்கும். மூளையதிர்ச்சி வேறு வகையானது. தலை சட்டென்று திரும்பி உலுக்கப்படும்போது மண்டையோட்டுக்குள் மூளை அசைவதால் அது உண்டாகிறது; வெளியே சுற்றியிருக்கும் நுரைப்பஞ்சு அந்த அசைவைத் தடுத்துவிடும் என்று நம்ப இடமில்லை. அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகம் 2016இல் தற்காப்புக் கலைகளைப் பற்றி வெளியிட்ட அறிக்கையும் இதையே எச்சரித்ததோடு, பிள்ளைகளை முதலில் ஒருவரையொருவர் தொடாத பயிற்சிகளில் பழக்க வேண்டும் என்றும் அறிவுறுத்தியது. டேக்வாண்டோ போட்டியில் உடம்பில் படும் நேர் உதைக்கு 2 புள்ளி, தலையில் பட்டால் 3 என்பதால், பிள்ளைகளின் கால் தலையைத் தேடிப் போவது இயல்பே. ஆகவே கவசத்தின் விலையை விசாரிப்பதற்கு முன், இந்த வயதில் தலையைக் குறிவைக்கப் பழக்குகிறீர்களா என்று மாஸ்டரிடம் கேட்டுவிடுங்கள்.

கவசமே அணியாத ஜூடோவில் நடந்தது இன்னும் கவலைக்குரியது. ஜப்பானியப் பள்ளிகளில் 1983 முதல் ஏறத்தாழ முப்பது ஆண்டுகளில் நூற்றுக்கும் மேற்பட்ட மாணவர்கள் ஜூடோ பயிற்சியில் உயிரிழந்தார்கள். தலைக்காயமே முதன்மையான காரணமாக இருந்தது. சரியாக விழுவதற்குக் கற்றுக்கொள்ளும் முன்பே தூக்கி எறியப்பட்ட முதலாண்டு மாணவர்கள் அவர்களில் பலர். வெற்றி வெறி பிள்ளைகள் அளவுக்கு இறங்கிவிட்டது என்று கருதிய அந்நாட்டு ஜூடோ சம்மேளனம், 2022இல் தொடக்கப்பள்ளி மாணவர்களுக்கான தேசியத் தனிநபர் போட்டியையே நிறுத்திவிட்டது. உங்கள் பிள்ளைக்கு முதல் மாதங்களில் விழுவதையும் காலடியையும் மட்டுமே சொல்லித்தந்தால், பணம் வீணாகிறது என்று தயவுசெய்து எண்ணாதீர்கள்.

தலையில் அடிபட்ட பிள்ளை மயங்கி விழாவிட்டாலும் மூளையதிர்ச்சி இருக்கலாம். தலைவலி, குமட்டல், தள்ளாட்டம், கேட்ட கேள்வியையே திரும்பக் கேட்பது ஆகியவற்றில் ஒன்று தென்பட்டாலும் அன்றைக்குக் களத்தில் இறக்காமல் மருத்துவரிடம் காட்டுங்கள். வாந்தி தொடர்ந்தாலோ, எழுப்ப முடியாத தூக்கம் வந்தாலோ உடனே 108ஐ அழையுங்கள். மருத்துவர் அனுமதிக்கும்வரை ஸ்பாரிங் (எதிராளியுடன் மோதிப் பழகும் பயிற்சி) வேண்டாம்.

இவ்வளவு சொன்னாலும் கவசம் தேவையில்லை என்று நாங்கள் கூறவில்லை. வளரும் பிள்ளைதானே என்று ஓர் அளவு பெரிதாக வாங்குவதுதான் எங்கள் கடையில் நாங்கள் அடிக்கடி தடுக்க வேண்டிய பழக்கம். தளர்ந்த கவசம் அடிபடும்போது சுழன்று கண்ணை மறைத்துவிடும். பல்லுக்கான வாய்க்காப்பை வெந்நீரில் இளக்கி அந்தந்தப் பிள்ளையின் கடிக்கே பொருத்த வேண்டும். அண்ணனுடையதைத் தம்பிக்குக் கொடுக்கக் கூடாது. சிலம்பக் கம்பில் சிறு விரிசல் கண்டாலும் ஒட்டுநாடா சுற்றித் தொடராமல் மாற்றிவிடுங்கள், சிலாம்பு கண்ணில் பாயும்.

பிள்ளையைக் கூட்டிவந்து தலையை அளந்தே வாங்குங்கள். பொருந்தாத கவசத்தை ரசீதுடன் கொண்டுவந்தால் மாற்றித் தருகிறோம்.

இப்படிக்கு,
கடை நிர்வாகத்தினர்