செயலாளரின் ஆண்டறிக்கை, 2025

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழு உறுப்பினர்களே, வருகை தந்திருக்கும் அன்பர்களே, அனைவருக்கும் வணக்கம்.

ஆரிகன் மாநிலத்தின் ஹில்ஸ்பரோ, பீவர்டன் வட்டாரத் தமிழ்ப் பறவை ஆர்வலர்களாகிய நம் சங்கத்தின் இவ்வாண்டுச் செயல்பாடுகளைப் பொதுக்குழுவின் முன் வைக்கிறேன். பொங்கலை ஒட்டி ஃபெர்ன்ஹில் சதுப்புநிலத்தில் வாத்துக் கணக்கெடுப்பு நடைபெற்றது. செப்டம்பரில், போர்ட்லண்டு சாப்மன் பள்ளிப் புகைபோக்கிக்குள் உழவாரன் பறவைகள் வந்தடையும் காட்சியைக் குடும்பத்தோடு கண்டோம். உணவுப் பொட்டலம் உண்டு என்று முன்கூட்டியே அறிவித்திருந்ததால் வருகையும் நிறைவாக இருந்தது.

அருகிவரும் புள்ளி ஆந்தையைக் காக்க வரி ஆந்தையைச் சுட்டு அகற்றும் அரசுத் திட்டத்தின் பலனை எக்செல் தாளில் கணக்கிட்டுப் பார்க்க, நான் பொறுப்பேற்று நடத்திய ஆந்தைக் கணக்குப் பயிலரங்கைப் பற்றிச் சற்று விரித்துக் கூற வேண்டியுள்ளது. இல்லையேல், "ஆந்தையைச் சுடுவதற்கு வக்காலத்து வாங்கவா சங்கம்?" என்று வாட்ஸ்அப் குழுவில் எழுந்த கேள்வி அப்படியே நின்றுவிடும்.

இப்பகுதியின் முதுகாடுகளில் வாழும் வடக்குப் புள்ளி ஆந்தை அச்சுறுத்தலுக்கு உள்ளான இனமாக 1990இல் அறிவிக்கப்பட்டது. 1994இல் வடமேற்கு வனத் திட்டம் நடைமுறைக்கு வந்து, அரசுக் காடுகளில் முதுமரங்களை வெட்டுவது பெரிதும் குறைந்த பிறகும் அதன் வீழ்ச்சி நிற்கவில்லை. கடந்த நூற்றாண்டில் நாட்டின் கிழக்கிலிருந்து நம் மேற்குப் பகுதிக்குப் பரவிய வரி ஆந்தையே அதற்கு முக்கியக் காரணம். அது உருவில் பெரியது. தவளை, மீன், எலி என்று அகப்பட்டதை உண்பதால் குறுகிய பரப்பிலேயே நெருக்கமாகக் குடியேறிவிடுகிறது. பறக்கும் அணிலையும் காட்டெலியையும் பெரிதும் நம்பி வாழும் புள்ளி ஆந்தையோ இடத்தை விட்டு விலகுகிறது, கூவுவதைக்கூடக் குறைத்துக்கொள்கிறது. ஃபாரஸ்ட் பார்க்கில் எடுத்து நம் வாட்ஸ்அப் குழுவின் முகப்பில் வைத்திருக்கும் அழகிய படமும் வரி ஆந்தையின் படமே என்பதை இங்கே பதிவு செய்கிறேன்.

2024 ஆகஸ்டில் அமெரிக்க மீன், வனவுயிர்த் துறை இறுதி செய்த திட்டம், 30 ஆண்டுகளில் ஏறத்தாழ 4,50,000 வரி ஆந்தைகள் வரை சுட்டு அகற்ற இடமளிக்கிறது. இவ்வெண்ணைக் கண்டு மனம் பதைப்பது இயல்பு; பதைத்தபின் கணக்கைப் பார்க்க வேண்டும் என்பதே என் நிலைப்பாடு. வாஷிங்டன், ஆரிகன், கலிபோர்னியா மாநிலங்களில் ஐந்து இடங்களில் நடந்த சோதனையின் முடிவுகள் 2021இல் வெளியாயின. வரி ஆந்தைகளை அகற்றிய பகுதிகளில் புள்ளி ஆந்தைகள் ஆண்டுக்கு 0.2 விழுக்காடும், அகற்றாத பகுதிகளில் 12.1 விழுக்காடும் குறைந்தன. இரு பக்கமும் 100 பறவைகளோடு தொடங்கி இவ்வீதங்களை எக்செல் தாளில் ஓட்டினால், பத்தாம் ஆண்டில் ஒரு பக்கம் 98, மறுபக்கம் 28 என்று வந்து நிற்கிறது. குஞ்சுகளின் எண்ணிக்கையைத் தாராளமாகக் கூட்டினாலும் பெரிதாக அசையாத கணக்கு, வளர்ந்த பறவையின் உயிர்பிழைப்பு வீதத்தைச் சிறிது உயர்த்தியதும் நிமிர்ந்துவிடுவதையும் வந்திருந்தோர் கண்டனர்.

ஆனால் 98 என்பது மீட்சி ஆகாது. சரிவு நின்றது, அவ்வளவே. அகற்றுவதை இடையில் நிறுத்தினால், சுற்றுக் காடுகளிலிருந்து வரி ஆந்தைகள் மீண்டும் வந்து நிரம்ப, வரைபடத்தில் புள்ளி ஆந்தைகளின் கோடு பழையபடி கீழே இறங்குகிறது. எனவே பாதியில் கைவிடும் எண்ணமிருந்தால் தொடங்காமலிருப்பதே மேல் என்று நான் கூறினேன். இதை மறுத்துப் பேச எவருமில்லை. ஏனெனில் குழுவில் பக்கம் பக்கமாக மறுப்பு எழுதிய அன்பர்களில் ஒருவரும் பயிலரங்கிற்கு வரவில்லை. பலமுறை நினைவூட்டியும் பயனில்லை. அன்று போட்ட காபியில் பாதி மீந்தது.

வரவு செலவைப் பொறுத்தவரை, பொருளாளர் ஊருக்குச் சென்றிருப்பதால் விரிவான அறிக்கை பின்னர் அனுப்பப்படும். பொதுவாகக் கூறின், கையிருப்பு கவலைக்கிடமாக இல்லை. சந்தா நிலுவைதான் கவலைக்கிடமாக உள்ளது. அரங்க வாடகையைச் சில மாதங்கள் செயற்குழுவினரே கைப்பணத்தில் ஈடுகட்டினர்.

தலைவருக்கும், வாகன உதவி செய்தோருக்கும், ஃபெர்ன்ஹில்லுக்குச் சுண்டல் கொண்டுவந்த குடும்பத்தினருக்கும் சங்கத்தின் நன்றி உரியது.

அடுத்த ஆண்டு இக்கணக்கில் இடம்பெயர்வையும் காட்டுத்தீயையும் சேர்க்க விரும்புகிறேன். தனியொருவரால் ஆகும் வேலை அன்று. எக்செல் தெரிந்த இருவராவது தேவை, இச்சங்கத்தில் அத்தகையோருக்குப் பஞ்சமுமில்லை. செயலாளர் பொறுப்பை ஏற்க வேறொருவர் முன்வந்தால் மகிழ்ச்சியோடு ஒப்படைப்பேன். முன்வராத நிலையில் தொடர எனக்கும் தடையில்லை. நிலுவை வைத்திருக்கும் அன்பர்கள் வாசலருகே உள்ள மேசையில், உணவுக்கு முன்பே செலுத்திவிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
செயலாளர்