ஹாலிவுட் கல்லறைத் தோட்டத்தில் வரலாற்று நடை

பெற்றோர் அனைவருக்கும் வணக்கம். வரும் அக்டோபர் 18, சனிக்கிழமை காலை 10 மணிக்கு, வர்ஜீனியா மாநிலத்தின் ரிச்மண்டில் ஜேம்ஸ் ஆற்றை நோக்கிய மேட்டில் 1849 முதல் இருந்துவரும் ஹாலிவுட் கல்லறைத் தோட்டத்துக்குப் பிள்ளைகளை அழைத்துச் செல்கிறோம். அமெரிக்கக் குடியரசுத் தலைவர்கள் ஜேம்ஸ் மன்றோ, ஜான் டைலர் ஆகியோருடன், உள்நாட்டுப் போரில் பிரிந்துபோன தென் மாநிலங்களின் தலைவர் ஜெஃபர்சன் டேவிஸும் இங்கேதான் அடக்கமாகியுள்ளார். 1831இல் நியூயார்க்கில் இறந்த மன்றோவின் உடல் 1858இல் இங்கு கொண்டுவரப்பட்டது. அவரது கல்லறையைக் கூண்டுபோல் சூழ்ந்திருக்கும் வார்ப்பிரும்பு வேலைப்பாட்டை அருகில் நின்று பார்க்க வேண்டும்.

1. சாந்தில்லாமல் கருங்கற்களை அடுக்கி 1869இல் கட்டி முடித்த 90 அடிப் பிரமிடு, தென்தரப்பு வீரர்கள் சுமார் 18,000 பேரின் நினைவுச்சின்னம். அவர்கள் எந்த அரசுக்காகப் போரிட்டார்களோ அந்த அரசு அடிமை முறையைக் காக்க எழுந்தது என்பதைப் பிள்ளைகளுக்கு வீட்டிலேயே தெளிவாகச் சொல்லி அழைத்து வாருங்கள். இதை நான் மிக முக்கியமாகக் கருதுகிறேன்.

2. காலை 9.45க்குச் செர்ரி தெரு வாயிலில் கூடுவோம்.

3. இன்றும் அடக்கம் நடைபெறும் இடமாதலால், கல்லறைகள்மீது ஏறவோ உரக்கப் பேசவோ வேண்டாம்.

4. வருவோர் எண்ணிக்கையைப் புதன்கிழமைக்குள் இக்குழுவிலேயே தெரிவிக்கக் கேட்டுக்கொள்கிறேன்.