மூன்றெழுத்துப் பாரதிக்கு ஐந்து கேள்விக்குறி

ஆசிரியருக்கு வணக்கம்.

உங்கள் மாணவர் பக்கத்தில் வரும் கணினிக் குறிப்புகளை வெட்டி நோட்டில் ஒட்டி வைப்பவன் நான். லினக்ஸ் இயங்குதளத்தில், தகவல்களை அட்டவணைகளாகச் சேமித்துத் தேடித் தரும் டேட்டாபேஸ் சர்வர் நிறுவுவதைப் பற்றித் தமிழில் ஒரு முழுப் பக்கம் போடுங்கள் என்று கேட்கவே இதை எழுதுகிறேன்.

எங்கள் ஊர்ப் படிப்பகத்தில் சுமார் 2,300 புத்தகங்கள் இருக்கின்றன. பட்டியலைக் கணினியில் ஏற்ற, பயிற்சி மையத்துக்காரர் ஒருவர் மைஎஸ்க்யூஎல் என்ற டேட்டாபேஸ் சர்வரின் பழைய பதிப்பைப் போட்டுக் கொடுத்தார். நானும் பள்ளிப் பிள்ளைகள் இருவரும் மூன்று வாரம், மாலை நேரங்களில் உட்கார்ந்து 640 புத்தகங்களைத் தட்டினோம். அச்செடுக்கப் போன அன்றுதான் பார்த்தோம், எல்லாம் கேள்விக்குறி. 'பாரதி' இருந்த இடத்தில் ஐந்து கேள்விக்குறிகள். மூன்றெழுத்துக்கு ஏன் ஐந்து? கணினிக்குத் துணைக்காலும் (ா) மேல்விலங்கும் (ி) தனித்தனிக் குறியீடு. 'தமிழ்' என்று தட்டினாலும் அதே ஐந்துதான். எது எந்தப் பெயர் என்று இனி யாராலும் மீட்க முடியாது. அட்டவணை, தமிழெழுத்துக்கு இடமே இல்லாத லத்தீன்-1 குறியாக்கத்தில் (எழுத்துகளை எண்களாகச் சேமிக்கும் முறை) இருந்திருக்கிறது. அந்தப் பழைய பதிப்பு பிழை என்று நிறுத்தாமல், ஏற்க முடியாத எழுத்தையெல்லாம் கேள்விக்குறியாக்கிச் சேமித்துவிட்டது. பிள்ளைகளின் முகத்தைப் பார்க்கவே முடியவில்லை.

அப்புறம் மகளுக்குப் பள்ளியில் கொடுத்த பழைய லேப்டாப்பில், வெறும் 2 ஜிபி நினைவகம்தான், டெபியன் என்ற லினக்ஸ் வகையைப் போட்டோம். 'சூடோ ஆப்ட் இன்ஸ்டால் மரியாடிபி-சர்வர்' என்ற ஒரே வரியில் சர்வர் வந்து இறங்கி, தானே ஓடவும் ஆரம்பித்துவிட்டது. மைஎஸ்க்யூஎல்லைத் தொடங்கியவர்களில் ஒருவரான மான்ட்டி விடேனியஸ் 2009-இல் அதிலிருந்து பிரித்துக் கொண்டுவந்ததுதான் மரியாடிபி. காசு எதுவும் கிடையாது.

புதியவர்கள் மாட்டிக்கொள்ளும் இடம், எல்லா உரிமையும் உள்ள 'ரூட்' என்ற தலைமைப் பயனரின் கடவுச்சொல். தெரிந்த சொல்லையெல்லாம் போட்டுப் பார்த்து 'அனுமதி மறுக்கப்பட்டது' என்ற பிழையோடு அரை நாள் போனது எனக்கு. டெபியனில் அதற்குக் கடவுச்சொல்லே வேண்டாம். ரூட் உரிமையோடு ஓட்டும் 'சூடோ'வை முன்னால் சேர்த்து 'சூடோ மரியாடிபி' என்றால் போதும், கணினியின் ரூட் பயனர்தான் வந்திருக்கிறார் என்று சர்வர் தானே கண்டுகொள்ளும். இதை எங்களுக்குத் தமிழில் சொல்ல ஆளில்லை.

குறியாக்கம் 'யூடிஎஃப்8எம்பி4' என்று இருக்கிறதா என்று முதல் புத்தகத்தைப் பதியும் முன்பே பார்த்துவிட வேண்டும். டெபியன் அப்படித்தான் அமைத்துத் தருகிறது. மைஎஸ்க்யூஎல், மரியாடிபி இரண்டிலும் உள்ள பழைய 'யூடிஎஃப்8' ஓர் எழுத்துக்கு மூன்று பைட்டோடு நின்றுவிடும். நம் எழுத்துகளுக்கு அது போதும் என்றாலும், 2019-இல் யூனிகோடில் (எல்லா மொழி எழுத்துகளுக்குமான பொதுக் குறியீட்டுத் தொகுப்பு) சேர்ந்த முந்திரி, காணி, மா போன்ற பின்னக் குறிகளுக்கு நான்கு பைட் வேண்டும். பழங்கணக்கு நூல்களைப் பதிகிறவர்களுக்கு இது அவசியம்.

இப்போது மறுபடி 1,100 புத்தகங்கள் ஏறியிருக்கின்றன. சனிக்கிழமைதோறும், எல்லாவற்றையும் நகலெடுக்கும் 'மரியாடிபி-டம்ப்' கட்டளையைப் போட்டுப் பென்டிரைவில் எடுத்து வைக்கிறோம். நீங்கள் போடும் பக்கத்தில் அந்தக் கட்டளைக்கும் ஓர் இடம் கொடுங்கள்.

– படிப்பகப் பொறுப்பாளர், மன்னார்குடி வட்டம்