மெக்கார்த்தியை நம்புங்கள், அரைகுறையாக வேண்டாம்: வைக்கிங்ஸ் நிர்வாகத்துக்கு ஒரு திறந்த மடல்

கோச் கெவின் ஓ'கானல், பொது மேலாளர் குவேசி அடோஃபோ-மென்சா, உரிமையாளர்களான வில்ஃப் குடும்பத்தார் எல்லோருக்கும் வணக்கம்.

2025 மார்ச் கடைசி வாரம் இது. மினசோட்டாவில் எங்கே போனாலும் நம் அமெரிக்கக் கால்பந்து அணி வைக்கிங்ஸைப் பற்றி ஒரே பேச்சுதான். போன சீசனில் பந்தெறிந்த சாம் டார்னால்ட் சியாட்டில் அணிக்குப் போய்விட்டார், ஆட்டத்தை நடத்திப் பந்தெறியும் அடுத்த குவாட்டர்பேக் யார்? 41 வயது மூத்த குவாட்டர்பேக் ஆரன் ராட்ஜர்ஸ் இங்கே வர ஆசைப்படுகிறார் என்கிறார்கள். என்எஃப்எல் லீக்கில் ஒரு ஆட்டம்கூட ஆடாத 22 வயது ஜே.ஜே. மெக்கார்த்தி கையில் 14 ஆட்டம் ஜெயித்த அணியைக் கொடுப்பது பைத்தியக்காரத்தனம் என்று என் நண்பர்களே சொல்கிறார்கள். நான் அந்தப் பையனின் பக்கம். ஏன் என்று சொல்லத்தான் எழுதுகிறேன்.

2009இல் வேலைக்காக மதுரையிலிருந்து இங்கே வந்தேன். அப்போது இந்த ஆட்டத்தில் யார் எதற்கு ஓடுகிறார்கள் என்றே எனக்குப் புரியாது. அலுவலகத்தில் பக்கத்து இருக்கைக்காரர்தான் பொறுமையாகச் சொல்லிக் கொடுத்தார்: பந்து ஒவ்வொரு முறையும் முதலில் குவாட்டர்பேக் கைக்கு வரும், எதிரில் நூற்று முப்பது கிலோ ஆட்கள் பாய்ந்து வருவார்கள், இரண்டு மூன்று நொடிக்குள் யாருக்கு எறிவது என்று அவர் முடிவு செய்தாக வேண்டும், அவர் தடுமாறினால் மற்ற பத்துப் பேர் என்ன ஆடியும் பயனில்லை. அந்த செப்டம்பரில்தான் வைக்கிங்ஸ் குவாட்டர்பேக் பிரெட் ஃபாவ்ர் கடைசி இரண்டு நொடி மிச்சமிருக்கையில் கிரெக் லூயிஸுக்கு எறிந்த பந்தை டிவியில் பார்த்தேன். ஃபார்ட்டி நைனர்ஸைத் தோற்கடித்த அந்த எறிதலோடு நான் வைக்கிங்ஸ் ஆள் ஆகிவிட்டேன்.

அதே ஃபாவ்ர் விஷயத்தில்தான் எனக்குப் பயமும் வந்தது. 40 வயதில் அவர் ஆடியது அபாரம், மறுக்கவே மாட்டேன். 12 வெற்றி, எல்லைக்கோட்டுக்கு அப்பால் பந்தைச் சேர்க்கும் டச்டவுன் 33, லீக்கின் இறுதிப் போட்டியான சூப்பர் பௌலுக்கு ஒரு படி முன்னால் வரை போனோம். 2010 ஜனவரி, நியூ ஆர்லியன்ஸ். ஸ்கோர் சமமாக இருக்கையில், கடைசி நிமிடத்தில், ஓடிக்கொண்டே குறுக்காக எறிந்தார், எதிரணியின் ட்ரேசி போர்ட்டர் பிடித்துக்கொண்டார், கூடுதல் நேரத்தில் 31-28 என்று தோற்றோம். அன்று இரவு நான் சாப்பிடவில்லை. அப்புறம் நடந்ததுதான் இன்னும் மோசம். அடுத்த ஆகஸ்டில் மூன்று வீரர்கள் மிசிசிப்பி வரைக்கும் போய் அவரைத் திரும்ப அழைத்து வந்தார்கள். 11 டச்டவுன், எதிரணி கையில் போய்ச் சேர்ந்த இன்டர்செப்ஷன் 19. அணி 6-10, அதாவது ஆறு வெற்றி, பத்துத் தோல்வி. நடு சீசனில் கோச்சின் வேலையும் போனது. பெரியவர் ஒருவரை நம்பி ஒரு வருடம் வாங்கினோம், அது முடிந்தபோது கையில் வளர்ந்த பையன் ஒருவனும் இல்லை.

இருந்த பையனை நாம் எப்படி நடத்தினோம் என்பதையும் சொல்லவேண்டும். குவாட்டர்பேக் டார்வாரிஸ் ஜாக்சன், கல்லூரி வீரர்களை அணிகள் வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில் 2006இல் இரண்டாம் சுற்றில் எடுத்தோம். 2007இல் அவர் முதல் குவாட்டர்பேக்காக இறங்கிய 12 ஆட்டத்தில் 8 ஜெயித்தது அணி. 2008 சீசனுக்கு அவர்தான் என்று அறிவித்தார்கள். இரண்டே ஆட்டம் தோற்றதும் உட்கார வைத்துவிட்டு, 37 வயது கஸ் ஃப்ரெராட்டை இறக்கினார்கள். ஜாக்சன் பெரிய ஆட்டக்காரராக வந்திருப்பார் என்று நான் சத்தியம் செய்யவில்லை. ஆனால் இரண்டு தோல்விக்கு மேல் தாங்காத நம்பிக்கையை ஒரு இளைஞன் தோளில் ஏற்றினால், அவன் ஒவ்வொரு பந்தையும் பெஞ்சைப் பார்த்துக்கொண்டேதான் எறிவான்.

இதற்கு நேர் எதிரான கதையும் நம் அணியிலேயே இருக்கிறது, அதை ஏன் யாரும் எடுத்துப் பேசுவதில்லை என்று எனக்குப் புரியவில்லை. 1999 டிராஃப்டில் 11ஆவது ஆளாக டான்டே கல்பெப்பரை எடுத்தோம். அந்த வருடம் முழுக்க அவர் ஒரு பந்துகூட எறியவில்லை. 2000இல் மூத்த குவாட்டர்பேக் டான் மரினோவைக் கூப்பிட்டுப் பார்த்தார்கள், அவர் ஓய்வு பெறுவதாகச் சொல்லிவிட்டார். கடைசியில் அணி கல்பெப்பர் கைக்கு வந்தது. முதல் ஏழு ஆட்டமும் வெற்றி! சீசன் முடிவில் 33 டச்டவுன், 11-5, சூப்பர் பௌலுக்கு முந்தைய மாநாட்டு இறுதிப் போட்டி வரை போனோம். அங்கே ஜயன்ட்ஸிடம் 41-0 என்று நொறுங்கினோம், சரி, அது வேறு வலி. கவனிக்க வேண்டியது கல்பெப்பருக்கு என்ன கிடைத்தது என்பதுதான். எறிந்தால் பிடிக்க ராண்டி மாஸும் கிரிஸ் கார்ட்டரும் இருந்தார்கள். ஒரு வருடம் பக்கத்தில் உட்கார்ந்து பாடம் கேட்டிருந்தார்.

மெக்கார்த்தியின் நிலைமை இன்று ஏறக்குறைய அதேதான். 2024இல் 10ஆவது ஆளாக எடுத்தீர்கள். ஆகஸ்டில் ரெய்டர்ஸுடன் நடந்த பயிற்சி ஆட்டத்தில் எறிந்த 17 பந்தில் 11 சேர்ந்தது, 188 யார்டு, இரண்டு டச்டவுன். அந்த ஒரு மாலையோடு வலது முழங்காலில் மெனிஸ்கஸ் என்ற குருத்தெலும்பு கிழிந்து அறுவை சிகிச்சை, சீசன் முழுக்க வெளியே. பந்தைப் பிடிக்க ஜஸ்டின் ஜெஃபர்சன், ஜோர்டன் ஆடிசன், ஹாக்கன்சன் இருக்கிறார்கள்.

"மிச்சிகன் பல்கலைக்கழக அணியில் அவன் ஓடுபவர்களுக்குப் பந்தைக் கொடுத்தது தவிர என்ன செய்தான்?" என்று கேட்கிறார்கள். கேள்வி நியாயமானது. 2023இல் பென் ஸ்டேட்டுடன் ஆடிய ஆட்டத்தில் மிச்சிகன் தொடர்ந்து 32 முறை ஓடியே ஜெயித்தது, அவர் மொத்தமாகவே எட்டுப் பந்துதான் எறிந்தார். ஆனால் 2024 புத்தாண்டு அன்று ரோஸ் பௌல் என்ற கல்லூரிப் போட்டியில் அலபாமாவுக்கு எதிராக, ஒரு டச்டவுன் பின்தங்கி, நேரம் கரைந்துகொண்டிருக்க, நான்காவது, அதாவது கடைசி முயற்சி, இன்னும் இரண்டு யார்டு வேண்டும், தவறினால் ஆட்டமே முடிந்தது என்ற இடத்தில் ப்ளேக் கோரமுக்கு அவர் எறிந்த பந்தை மறுபடி போட்டுப் பாருங்கள். பந்து எதிரணிக்குப் போகும் முன்பே ஸ்கோரைச் சமன் செய்தார்கள், கூடுதல் நேரத்தில் ஜெயித்தார்கள், ஒரு வாரத்தில் தேசிய சாம்பியன் ஆனார்கள். அவர் முதல் குவாட்டர்பேக்காக இறங்கிய 28 கல்லூரி ஆட்டத்தில் தோல்வி ஒன்றே ஒன்று.

டார்னால்டை விட்டது தப்பு என்று நான் சொல்லமாட்டேன். 4,319 யார்டு, 35 டச்டவுன் கொடுத்தவருக்கு நன்றி மட்டும்தான் சொல்வேன். ஆனால் டெட்ராய்டில் எறிந்த 41 பந்தில் 18தான் சேர்ந்தது, அடுத்த வாரம் ராம்ஸ் அணியிடம் ஒன்பது முறை கீழே தள்ளப்பட்டார். ஒன்பது முறை! அதில் பாதிப் பழி அவரைக் காக்க முன்னால் நின்ற வரிசைக்குத்தான். அதை உணர்ந்துதான் இந்த மாதம் ரயன் கெல்லியையும் வில் ஃப்ரைஸையும் கொண்டுவந்தீர்கள் என்று நினைக்கிறேன். சியாட்டில் டார்னால்டுக்கு மூன்று வருடத்துக்குக் கொடுப்பது 10 கோடி டாலருக்கும் மேல். மெக்கார்த்தியின் நான்கு வருட ஒப்பந்தம் மொத்தமே ஏறத்தாழ 2.2 கோடி. அந்த வித்தியாசத்தில்தான் பையனுக்கு முன்னால் சுவர் எழுப்ப முடிகிறது. ராட்ஜர்ஸைக் கூப்பிட்டால் பணமும் போகும், பையனுக்கு ஒரு வருடமும் போகும்.

ராட்ஜர்ஸையே கேட்டுப் பாருங்கள். 2008இல் கிரீன் பே அணி ஃபாவ்ரை அனுப்பிவிட்டு அவரை நம்பியபோது சொந்த ரசிகர்களே கூச்சலிட்டார்கள். முதல் வருடம் 6-10. அவரை மாற்றவில்லை, மூன்றாவது சீசனில் சூப்பர் பௌல் வந்தது. அதே கிரீன் பே இளம் குவாட்டர்பேக் ஜோர்டன் லவ்வை மூன்று வருடம் காக்க வைத்தது. 2023இல் 3-6 என்று கிடந்தபோதும் கை விடவில்லை, ஜனவரியில் டல்லஸுக்கே போய் 48 புள்ளி அடித்தார்கள். பரம எதிரியைப் பாராட்ட எனக்கு வாய் வரவில்லைதான், ஆனாலும் இதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

நம்பினால் எல்லோரும் வந்துவிடுவார்கள் என்று நான் நினைக்கவில்லை. குவாட்டர்பேக் கிறிஸ்டியன் பாண்டரையும் நம்பினோம், 2011இல் 12ஆவது ஆளாக எடுத்து மூன்று வருடம் பார்த்தோம், சரிவரவில்லை. மெக்கார்த்தியும் அப்படி ஆகலாம். முழங்கால் பழைய மாதிரி இல்லாமல் போகலாம். ஆனால் தெரிந்துகொள்ள ஆடவிடுவதைத் தவிர வேறு வழி கிடையாது, கோச். அனுபவமுள்ள ஒரு நல்ல மாற்று ஆட்டக்காரரைப் பக்கத்தில் வையுங்கள், தப்பில்லை. இரண்டாவது இடம்தான் தனக்கு என்று தெரிந்து வருபவராக இருக்கட்டும்.

ஏப்ரல் டிராஃப்டுக்கு முன்பாகவே வெளிப்படையாகச் சொல்லிவிடுங்கள்: இந்த வருடம் மெக்கார்த்திதான், இரண்டு தோல்வி வந்தாலும் அவர்தான், நான்கு வந்தாலும் அவர்தான். பதினாறு வருடமாகக் காத்திருக்கும் எனக்கு இன்னும் ஒரு சுமாரான சீசனைத் தாங்கத் தெம்பு இருக்கிறது. போன வருடம் என் மகள் மெக்கார்த்தியின் ஒன்பதாம் எண் ஜெர்சி கேட்டாள், கால் சரியாகி அவர் ஆடும்போது வாங்கித் தருகிறேன் என்று சொல்லி வைத்திருக்கிறேன். அவள் இன்னும் கேட்டுக்கொண்டே இருக்கிறாள்.