ஆப்புல ஆஃப்னு காட்டுது, மொட்டை மாடியில தண்ணி கொட்டுது

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கமுங்க.

போன ஞாயித்துக்கிழமை உங்க வீடு மனை இணைப்புல ஸ்மார்ட் வீடு பத்தி முழுப் பக்கம் போட்டிருந்தீங்க. படமெல்லாம் ஜோரா இருந்துச்சு, சோபாவுல உக்காந்துகிட்டே ஸ்கிரீன் துணியை இழுக்கறது, ஆபீஸ்ல இருந்தே ஏசி போடறது, எல்லாம் சரிங்க, ஆனா மாட்டி முடிச்சதுக்கு அப்புறம் அதை யாரு பார்த்துக்குவாங்க, கரண்ட் போனா என்ன ஆகும், நெட்டு இல்லேன்னா பாத்ரூம் லைட்டு எரியுமா எரியாதானு ஒரு வரி கூட காணோம். நான் 31 வருசம் ஸ்பின்னிங் மில்லுல எலக்ட்ரீசியனா இருந்து ரிட்டயர் ஆனவன், இப்ப சிங்காநல்லூர் பக்கம் தெரிஞ்சவங்க வீட்டுக்கு மட்டும் வயரிங் பார்த்துக் குடுக்கறேன். அதனால எழுதறேன், நீளமா போயிருந்தா வெட்டிக்குங்க.

என் பொண்ணு வீட்டுக் கதையே போதும். ரெண்டு வருசம் முன்னாடி வீடு கட்டுனாங்க, மாப்பிள்ளைக்கு ஐடி வேலை, ஆசைப்பட்டு ஒரு கம்பெனிக்காரங்க கிட்ட பேக்கேஜா பேசி லைட்டு, பேனு, கீசர், தண்ணி மோட்டார், வாசக்கதவுப் பூட்டு வரைக்கும் போன்லயே ஓடற மாதிரி பண்ணிட்டார். எங்கிட்ட ஒரு வார்த்தை கேக்கலை, சரி மாமனார்கிட்ட எதுக்குக் கேக்கணும், அது வேற விசயம்.

ஒரு நாள் காலைல ஏழு மணிக்கு சம்பந்தியம்மா போன் பண்றாங்க, "சம்பந்தி, மாடியில இருந்து தண்ணி அருவியாட்டம் கொட்டுது, மோட்டார் நிக்கவே மாட்டேங்குது"ன்னு. மாப்பிள்ளை அன்னிக்குப் பெங்களூர்ல இருக்கார், பொண்ணு வேலைக்குக் கிளம்பிப் போயாச்சு. மாப்பிள்ளைக்குப் போன் போட்டா அவர் ஆப்பைத் தொறந்து பார்த்துட்டு "இல்லீங்க மாமா, மோட்டார் ஆஃப்ல தான் இருக்கு"ங்கறார். இங்க தண்ணி கொட்டுது, அங்க ஆஃப்னு காட்டுது. சரி எம்சிபியை, அதான் ஒவ்வொரு லைனுக்கும் கரண்டை நிறுத்தற சின்ன சுவிட்சை, எறக்குங்கன்னு அந்தம்மாகிட்ட சொன்னா, மெயின் போர்டுல 18 எம்சிபி இருக்கு, ஒண்ணுல கூட இது எதுக்குன்னு எழுதலை. அந்தம்மா பயந்துகிட்டுத் தொடலை, நான் வண்டியை எடுத்துட்டுப் போய்த்தான் நிறுத்துனேன், அதுக்குள்ள ஒரு லாரித் தண்ணி தெருவுல ஓடிருச்சு.

கழட்டிப் பார்த்தா தீப்பெட்டி சைஸுல ஒரு வைஃபை ரிலே, போன்ல சொன்னா உள்ள இருக்கற பாயிண்டைச் சேர்த்துப் பிரிக்கற சுவிட்ச், 16 ஆம்பியர்னு மேல எழுதியிருக்கு, அதை நேரா 1 எச்.பி மோட்டாருக்குக் குடுத்து வச்சிருக்காங்க. அந்த 16 ஆம்பியர் ஹீட்டர் மாதிரி சாதுவா இழுக்கற லோடுக்கான கணக்குங்க. மோட்டார் அப்படி இல்லை, ஓடறப்ப ஆறேழு ஆம்பியர் தான் இழுக்கும், ஆனா ஸ்டார்ட் ஆகற அந்த நொடியில அஞ்சாறு மடங்கு இழுத்துட்டு தான் அடங்கும், தினம் ரெண்டு வாட்டி அப்படி இழுத்து இழுத்து ரிலேக்குள்ள இருக்கற பாயிண்ட் ரெண்டும் உருகி ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிச்சு. நகத்தை வச்சு நெம்பிப் பார்த்தேன், வெல்டு வச்ச மாதிரி இருந்துச்சு, சுத்தி இருந்த பிளாஸ்டிக் பழுப்பாகி கருகுன வாடை. பாயிண்ட் ஒட்டிக்கிச்சுன்னா ஆப்பு ஆயிரம் வாட்டி ஆஃப் சொன்னாலும் மோட்டாருக்கு என்ன தெரியும்? மில்லுல நாங்க கான்டாக்டர், அதான் மோட்டார் லோடைத் தாங்கற கனமான சுவிட்ச், இல்லாம ஒரு மோட்டாரை ஓட விட்டிருந்தா போர்மேன் அன்னிக்கே கேட்டுக்கு வெளிய அனுப்பியிருப்பார். நான் அதே ரிலேல புதுசு ஒண்ணு வாங்கி, அது கான்டாக்டரோட காயிலை மட்டும் எழுப்புற மாதிரி மாத்தி, மோட்டார் லோடைக் கான்டாக்டர் தாங்கற மாதிரி பண்ணி, மேல் தொட்டியில தண்ணி நிறைஞ்சா தானா நிறுத்தற ஒரு ஃப்ளோட் சுவிட்ச், மாடிப்படிக்குக் கீழ கையில திருப்பற ஆட்டோ மேனுவல் சுவிட்ச் ஒண்ணு வச்சுக் குடுத்தேன். ரெண்டாயிரத்துச் சில்லறை ஆச்சு.

இன்னொண்ணும் பண்ணேன், அது தான் முக்கியம்னு நான் நினைக்கறேன். ஆப்புல ஆஃப்னு வந்தா அதுக்கு அர்த்தம் நிறுத்தச் சொல்லியாச்சுங்கறது மட்டும் தான், நின்னுருச்சுன்னு அர்த்தம் இல்லை. சூப்பர்வைசர் ரூம்ல உக்காந்து ரிஜிஸ்டர்ல மெஷின் ஸ்டாப்னு எழுதறதும், ஒருத்தன் எந்திரிச்சுப் போய்ப் பார்த்துட்டு வர்றதும் ஒண்ணா? மோட்டார் வயர்ல வளையம் மாதிரி ஒரு கரண்ட் சென்சார் மாட்டி விட்டேன், அதுல நிஜமாவே ஆம்பியர் ஓடுதா இல்லையான்னு தெரிஞ்சுரும், ஆஃப் சொன்னதுக்கு அப்புறமும் ஓடுச்சுன்னா போனுக்கு மெசேஜ் வந்துரும். இதை அந்தப் பேக்கேஜ்காரங்க ஏன் வைக்கலைன்னு கேட்டதுக்கு "சார், அது கஸ்டமர் கேக்கறதில்ல"ன்னு பதில்.

லைட்டு கதை இன்னும் வேடிக்கை. கலர் மாறற ஸ்மார்ட் பல்பு மாட்டிட்டு, செவுத்து சுவிட்ச் எப்பவும் ஆன்லயே இருக்கணும்னு சுவிட்ச் மேல செல்லோடேப் ஒட்டி வச்சிருந்தாங்க. சம்பந்தியம்மாவுக்கு 68 வயசு, ரூமை விட்டு வெளிய வந்தா சுவிட்சை அமுத்தறது அவங்க கைக்குப் பழகுன பழக்கம், டேப்பைப் பிச்சுட்டு அமுத்திருவாங்க, உடனே பல்பு செத்துப் போயிரும், ஆப்புல ஆஃப்லைன்னு வரும், சாயங்காலம் பையன் வந்து அம்மாவைச் சத்தம் போடுவார். பல்புக்குள்ள மூளையை வச்சா வர்ற வினை இது, அதையே சுவிட்சுக்குப் பின்னாடி மாட்யூல்ங்கற குட்டி டப்பாவா வச்சிருந்தா கையில அமுத்துனாலும் எரியும், போன்ல தட்டுனாலும் எரியும், யாரும் யாரையும் திட்ட வேண்டியதில்லை. அப்புறம் ஒரு ராத்திரி மூணு மணிக்குப் போன கரண்ட் திரும்பி வந்தப்ப வீட்டுல அத்தனை பல்பும் பளீர்னு எரிஞ்சு கொழந்தை அலறி எந்திரிச்சிருக்கு. அது கோளாறே இல்லைங்க, பவர் வந்தா எரியற மாதிரி தான் அந்தப் பல்பெல்லாம் வரும், செட்டிங்ல போய் பழைய நிலைமைக்கே போன்னு மாத்தி விடணும். மாட்டிக் குடுத்துட்டுப் போனவங்க யாருக்கும் அதுக்கு நேரம் இல்லை போல.

இப்ப நெட்டு விசயம். போன 2025 தீபாவளி ஞாபகம் இருக்கா, அக்டோபர் 20. அன்னிக்கு அமெரிக்காவுல வர்ஜீனியா மாகாணத்துல இருக்கற, பல கம்பெனிங்க தங்க ஆப்பை ஓட்டற அமேசான் சர்வர் கூட்டத்துல கோளாறாகி உலகம் பூரா எத்தனையோ ஆப்பு முடங்கிருச்சு, அலெக்சா பேசலை, ரிங் கேமரா வேலை செய்யலை, ஒரு கம்பெனியோட ஸ்மார்ட் மெத்தை கூட சூடாகி அப்படியே நின்னுருச்சுன்னு நியூஸ்ல வந்துச்சு. மெத்தைக்கு எதுக்கு நெட்டுன்னு நான் கேக்க மாட்டேன், வாங்குனவங்க பாடு. ஆனா ஹால்ல இருக்கற சுவிட்சுக்கும் ஹால்ல இருக்கற லைட்டுக்கும் நடுவுல பத்தடி தான் தூரம், அந்தப் பத்தடிக்கு வர்ஜீனியா போய்ட்டு வரணும்னா அது என்ன வயரிங்குங்க?

கோளாறுன்னா சரியாயிரும், கம்பெனியே மூடிட்டா? ரிவால்வ்னு ஒரு பெட்டி, வீட்டுல இருக்கற ஸ்மார்ட் பொருளையெல்லாம் ஒண்ணா ஓட்டறதுக்கு, 300 டாலர், வாழ்நாள் சேவைன்னு சொல்லி வித்தாங்க, அந்தக் கம்பெனியை 2014ல கூகுளோட நெஸ்ட் வாங்குச்சு, 2016 மே மாசம் சர்வரை நிறுத்திட்டாங்க, பெட்டி வெறும் பெட்டியாயிருச்சு. 2022 ஏப்ரல்ல இன்ஸ்டியான்னு ஒரு ஸ்மார்ட் வீட்டுச் சாமான் கம்பெனி சொல்லாம கொள்ளாம சர்வரை அணைச்சிருச்சு, கடைசியில அதை வீட்டுல மாட்டியிருந்தவங்கள்லயே கொஞ்சப் பேர் சேர்ந்து கம்பெனியை வாங்கித் திரும்ப ஓட விட்டாங்க. நம்ம ஊர்ல எவன் சேர்ந்து வாங்கப் போறான். அதனால வாங்கறப்பவே கேளுங்க, நெட்டைப் பிடுங்கிட்டா இது வேலை செய்யுமா, கடைக்காரரை நம்பாம அங்கயே ரவுட்டருக்கு வர்ற கேபிளை உருவிக் காட்டச் சொல்லுங்க.

என் தங்கச்சி பையன் அந்தப் பேக்கேஜைப் பாதி கழட்டிட்டு வீட்டுக்குள்ளயே ஒரு குட்டி கம்ப்யூட்டர் வச்சு ஹோம் அசிஸ்டன்ட்னு ஒரு சாப்ட்வேர் போட்டான். நெதர்லாந்துக்காரர் பாலஸ் ஸ்கவுட்சன்ங்கறவர் 2013ல ஆரம்பிச்சது, காசு கிடையாது, எல்லாம் வீட்டுக்குள்ளயே ஓடும், நெட்டு இல்லேன்னாலும் சாயங்காலம் ஆறு மணிக்கு வாசல் லைட்டு எரியும். ஆனா அதையும் கும்பிட்டுட்டு விட்டுற முடியாது, முதல்ல மெமரி கார்டுல போட்டிருந்தான், ஓயாம எழுதி எழுதி எட்டே மாசத்துல கார்டு செத்துருச்சு, பேக்கப் எடுத்து வைக்கலை, ரெண்டு ஞாயித்துக்கிழமை உக்காந்து மறுபடி முதல்ல இருந்து பண்ணான். இப்ப அதுக்குப் பதிலா எஸ்எஸ்டின்னு சீக்கிரம் தேயாத டிஸ்க் போட்டிருக்கு, வாரம் ஒரு பேக்கப் வேற இடத்துக்குப் போயிருது. ரவுட்டருக்கும் ஃபைபர் டப்பாவுக்கும் தனியா ஒரு மினி யுபிஎஸ், ஏன்னா இன்வர்ட்டர் மாறற அந்தக் கண் சிமிட்டற நேரத்துல ரவுட்டர் அணைஞ்சு திரும்ப எந்திரிக்க மூணு நிமிசம் ஆகுது, அதுக்குள்ள பாதிப் பொருள் வழி தெரியாம நிக்குது.

நம்ம விவசாயிங்களைப் பாருங்க. இந்தப் பக்கம் போர்வெல் மோட்டாருக்கு மொபைல் ஸ்டார்ட்டர் போட்டு வருசக்கணக்காகுது, சிம் கார்டு போட்ட டப்பா, கரண்ட் வந்தா அதுவே போன் பண்ணிச் சொல்லும், மூணு பேஸ் கரண்டுல ஒரு பேஸ் இல்லேன்னா ஓட விடாது, போர்ல தண்ணி இல்லேன்னா நிறுத்திரும். அவங்களை யாரும் ஸ்மார்ட்டுன்னு சொல்றதில்ல. ஆனா டவர் இல்லாத அன்னிக்குக் கையில பச்சைப் பட்டனை அமுத்துனா ஓடணும், அப்படி ஒரு பட்டன் இல்லாத டப்பாவை எந்த விவசாயியும் காசு குடுத்து வாங்க மாட்டான். டவுன்ல லட்சக்கணக்குல செலவு பண்றவங்களுக்கு அந்தக் கேள்வி தோணலை.

பராமரிப்புன்னு வந்தா பெரிய வித்தை ஒண்ணுமில்லை, நோட்டு தான். புது ரவுட்டர் மாத்தறப்ப மாப்பிள்ளை வைஃபை பேரையும் மாத்திட்டார், 19 பொருள் ஒரே நேரத்துல செத்துப் போச்சு, ஒவ்வொண்ணா ஏணி போட்டு ஏறி ரீசெட் பண்ணோம். பழைய பேரும் பாஸ்வேர்டும் அப்படியே வச்சிருந்தா அதுங்க பாட்டுக்கு வந்து ஒட்டியிருக்கும். இப்ப ஒரு நாப்பது பக்க நோட்டு வாங்கி எந்த ரிலே எந்த போர்டுக்குள்ள இருக்கு, எந்த எம்சிபி எதுக்கு, வாசப் பூட்டுக்கு எப்ப பேட்டரி மாத்துனது, சாவி எங்க இருக்குன்னு எழுதி பீரோவுல வச்சாச்சு. கேமராவோட கம்பெனி பாஸ்வேர்டை மாத்துனோம், அது வரைக்கும் அட்மின் அட்மின்னே இருந்துச்சு, கேட்டா தலையில அடிச்சுக்குவீங்க. சம்பந்தியம்மா படிச்சுப் புரிஞ்சுக்கற மாதிரி தமிழ்ல எழுதுங்கன்னு நான் தான் பிடிவாதம் பிடிச்சேன், ஏன்னா பகல் பூரா வீட்டுல இருக்கறது அவங்க தான்.

புதுசா வீடு கட்டறவங்களுக்கு ஒண்ணே ஒண்ணு சொல்லிக்கறேன். ஒவ்வொரு சுவிட்ச் பாக்ஸுக்கும் நியூட்ரல் வயர், அதான் கரண்ட் திரும்பிப் போற வயர், இழுத்து விடச் சொல்லுங்க, பாக்ஸும் கொஞ்சம் ஆழமானதா போடச் சொல்லுங்க. வெறும் சுவிட்ச் மட்டும் இருக்கற பாக்ஸுக்கு பேஸ், அதான் கரண்ட் வர்ற வயர், மட்டும் தான் வரும், அங்க நியூட்ரல் இல்லாம ஓடற மாட்யூல் போட்டா அது உயிரோட இருக்கறதுக்கு பல்பு வழியாவே கொஞ்சம் கரண்டைக் கசிய விடும், எல்ஈடி பல்பு ராத்திரி பூரா மினுக் மினுக்குன்னு பேய் மாதிரி எரியும். பூச்சுக்கு முன்னாடின்னா ஒரு காயில் வயர் செலவு, பூசுனதுக்கு அப்புறம்னா செவுத்தை வெட்டணும். பில்டர்ங்க சாவி குடுக்கறப்ப வயரிங் படத்தையும் குடுக்கணும்னு உங்க இணைப்புல எழுதுனா புண்ணியமா போகும், காரு வாங்குனா புக்கு தர்றாங்க, அரைக் கோடி வீட்டுக்கு ஒரு தாள் கூட கிடையாது.

உங்க பேப்பர்ல உள் பக்கத்துல மாதாந்திரப் பராமரிப்பு மின்தடைன்னு ஏரியா பேரெல்லாம் பொடி எழுத்துல போடறீங்க இல்லீங்களா, அதை நான் வெட்டி எடுத்து வச்சுக்கறேன். அவங்க ஏரியா பேர் வர்ற அன்னிக்கு ஒன்பது மணிக்கே பொண்ணு வீட்டுக்குப் போயிருவேன், கரண்ட் போனதும் ஒவ்வொரு சுவிட்சா அமுத்திப் பார்க்கறது, இன்வர்ட்டர் பேட்டரிக்குத் தண்ணி ஊத்தறது, கரண்ட் வந்ததும் எது எந்திரிக்குது எது எந்திரிக்கலைன்னு நோட்டுல குறிக்கறது. போன மாசம் ஒண்ணே ஒண்ணு எந்திரிக்கலை, மாடி லைட்டு. கொஞ்ச நாளா அந்த எழுத்து ரொம்பப் பொடியாயிருச்சு, என் வயசுக்காரங்களுக்காகக் கொஞ்சம் பெருசா போடுங்க ஐயா.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற மில் எலக்ட்ரீசியன்,
சிங்காநல்லூர், கோவை.